பின்சக்கரத்துப் பொட்டு

வாங்க வாங்க. அப்படியே அந்த வேப்பமரத்து நிழல்ல நிறுத்துங்க. நடு ஸ்டாண்டே போட்டுருங்க, பின்சக்கரம் தூக்கிக்கிட்டு நின்னா பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும். பல்லடம் வரைக்கும் போனீங்களா? போயிட்டு வர இவ்வளவு நேரந்தான் ஆச்சுன்னா விரட்டித்தான் ஓட்டியிருக்கீங்க. பின்னால ஏதாச்சும் சத்தம் வந்துச்சுங்களா? வராதுங்க. செயின் இருந்தாத்தானே சத்தம் வர்றதுக்கு.

உக்காருங்க. விலை பேசறதுக்கு முன்னால ஒரு வாய் காப்பி குடிக்கலாம். துளசி, வண்டி வாங்க வந்த ஈரோட்டுத் தம்பி வந்துட்டாரு, காப்பி வை. காது கேட்டிருக்கும், பதில் வராது. என்ர சம்சாரம் எங்கிட்டப் பேசி ரெண்டு மாசம் ஆச்சுங்க. காப்பி வரும், சோறு வரும், பேச்சு மட்டும் வராது. எல்லாம் அவனாலதான்.

அதா, ரோட்டுக்கு அக்கட்டால டெம்போ நிக்குது பாருங்க, அந்தக் கடைக்காரன். கடையக் காலி பண்ணிட்டு இருக்கறான். கம்ப்ரசர ஏத்தியாச்சு, இன்னும் அலமாரி இருக்குது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சாவி குடுத்துரணும்னு கோயில் கமிட்டி உத்தரவு. ஊரே போகிக்கு வாசல்ல காப்புக் கட்டிட்டு, பழசத் தூக்கி வெளிய போடற நாளு, பொருத்தமாத்தான் அமைஞ்சுது. உத்தரவுல யாரு கையெழுத்துன்னு கேளுங்க. செயலாளர் மருதாசலம். நாந்தானுங்க.

அவன் பேரக் கேட்டா சிரிப்பீங்க. அறிவுடைநம்பி. அவங்கப்பன் கருப்புச் சட்டைக்காரன், சாமி பேரு வைக்கக் கூடாதுன்னு இப்படி ஒண்ண வெச்சுட்டான். பேர்லயே அறிவு இருக்குதுங்கறதால மண்டைக்குள்ள தனியா வேண்டாம்னு விட்டுட்டாங்க போல. அப்பனுக்குத் தப்பாத மகன் இவன். கடையில ஒரு சாமி படம் கெடையாது. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி கெடையாது. எலுமிச்சம்பழம் கட்டாத ஒரு மெக்கானிக் கடைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? ஆனா ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கொண்டு போய்க் குடுத்தா, ரெண்டு கையும் நீட்டி வாங்கித் திம்பான். சாமி வேண்டாம், பொரி வேணும்.

இருங்க, வண்டியப் பத்திச் சொல்லிர்றேன். நீங்க வாங்கறவரு, தெரிஞ்சுக்கணும். லாரிக்கு அடியில நீளமா ஒரு இரும்புத் தண்டு ஓடுது பாருங்க, அதே மாதிரி இதுல இந்தக் குழாய்க்குள்ள ஒரு ஷாஃப்ட் ஓடுது. அது போயி இந்தப் பின்னால இருக்கற கியர் டப்பாவச் சுத்தும், டப்பா சக்கரத்தச் சுத்தும். செயின் தொங்கறது, அறுந்து போறது, எண்ணெய் தெறிச்சு வேட்டி கறையாகறது, ஒரு லொள்ளும் கெடையாது. வால்பாறையில டீ எஸ்டேட் மேனேஜர் ஒருத்தரு வெச்சிருந்தது. ஜப்பான் வண்டி. நான் வாங்கிப் பதினெட்டு வருசம் ஆகுது. இத்தனை வருசத்துல இத வாங்கணும்னு வந்து நின்னவங்க எத்தனையோ பேரு. அதுல பாதிப் பேரு செயின் எங்கன்னு கேட்டவங்க.

வருசத்துக்கு ஒருக்கா வேலை, அவ்வளவுதான். பின்சக்கரத்தக் கழட்டணும். சக்கரத்துக்கு நடுவுல பல்லுப் பல்லா இருக்கும், அது டப்பாவுல இருக்கற பல்லுக்குள்ள போயி உக்காரும். அந்தப் பல்லத் தொடச்சு, கறுப்பு கிரீஸ் பூசணும். டப்பாவுல பழைய ஆயிலச் சூட்டோட எறக்கிட்டு, தொண்ணூறாம் நம்பர் ஆயில் ஊத்தணும். ஊத்தற ஓட்டையோட மரை வரைக்கும் வந்தா போதும், அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. மாட்டறப்ப மொதல்ல அச்சு நட்ட முறுக்கணும், அப்பறந்தான் டப்பாவோட நட்டு நாலையும் முறுக்கணும். மாத்திச் செஞ்சா பல்லு ஒரு பக்கமாத் தேயும். பாத்தீங்களா, ஒரு புஸ்தகம் இல்லாம சொல்றேன்.

இந்த வேலைய அந்த நம்பி செய்யறத நீங்க பாக்கணுமே. ஒரு முழு நாள் ஆக்குவான். எங்கிருந்தோ இந்த வண்டியோட புஸ்தகத்த ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கறான், இங்கிலீசுல. அத ஸ்டூல் மேல விரிச்சு வெச்சுக்கிட்டு, வெரல் வெச்சு எழுத்துக்கூட்டிப் படிப்பான். படிச்சுட்டு ஒரு நட்டக் கழட்டுவான். மறுபடி படிப்பான். கழட்டினது, மாட்டினது, ஆயில் எத்தனை ஊத்தினதுன்னு நோட்டுல எழுதுவான். ஆயில் டப்பாவத் தொடறதுக்கு முன்னால கைய சோப்புப் போட்டுக் கழுவுவான். கழுவிட்டுத் தொடறதுக்கு அது என்ன கொழந்தைங்களா? நான் மில்லுல முப்பத்தோரு வருசம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஒரு ஷெட்டு நெறைய ஸ்பின்னிங் மெஷின ஒரு புஸ்தகம் தொறக்காம ஓட்டினவன். சத்தத்த வெச்சே எந்த பேரிங்னு சொல்லுவேன். எனக்கு முன்னால இவன் உக்காந்து படிச்சுக் காட்டுவான்.

இன்னொரு பழக்கம் சொல்றேன் கேளுங்க. சட்டைக் காலர்ல ஒரு குண்டூசி குத்தி வெச்சிருப்பான். என்ர வண்டிய எடுத்துட்டுப் போனா, சக்கரத்தத் தொடறதுக்கு முன்னால, குனிஞ்சு பின்னால எங்கயோ அந்த ஊசியால ஒரு குத்துக் குத்துவான். அப்பறந்தான் வேலைய ஆரம்பிப்பான். சாங்கியம் பாக்கறவனக் கேலி பண்றவன், அவனுக்குன்னு ஒரு சாங்கியம் வெச்சிருக்கறான்னு நான் மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன்.

சரி, மொதல் வருசம் நடந்தத சொல்றேன். அப்பத்தான் வண்டி வாங்கியிருந்தேன். ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவி, மாலை போட்டு, எங்கெங்க பொட்டு வைக்கணுமோ அங்கெல்லாம் வெச்சேன். ஹெட்லைட்டுக்கு ஒண்ணு, டேங்குக்கு ரெண்டு, பின்சக்கர டப்பாவுக்கு ஒண்ணு. அந்த டப்பா உச்சியில சின்னதா ஒரு குமிழ் இருக்குது பாருங்க, மூடி மாதிரி. ஜப்பான்காரன் அழகுக்கு வெச்சிருக்கறான் போல. நம்ம பொட்டு வைக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி அத்தனை பாந்தமா இருக்கும். வண்டிக்கு நெத்தி எதுன்னு கேட்டா நான் அதத்தான் சொல்லுவேன். எஞ்சினோட பலமெல்லாம் வந்து சேர்ற எடம் அதுதானுங்களே. கொழைச்ச சந்தனத்தத் திரட்டி அது மேல வெச்சு, நடுவுல குங்குமம் வெச்சேன். மறுநாள் வேலைக்கு எடுத்துட்டுப் போனா, இவன் பாத்துட்டு, இந்த எடத்துல சந்தனம் வைக்க வேண்டாங்ணாங்கறான்.

எப்படி இருக்கும் எனக்கு? உனக்கு நம்பிக்கை இல்லீன்னா உன்ற கடையோட வெச்சுக்க, என்ர வண்டியில வந்து உன்ற பிரச்சாரத்தப் பண்ணாதேன்னு, வண்டியத் திருப்பிட்டு வந்துட்டேன். மூணு மாசம் அவன் கடைப்பக்கமே தலை வெச்சுப் படுக்கல. டவுன்ல ஒருத்தங்கிட்டக் குடுத்தேன். அந்த மகராசன் செயின் வண்டி மெக்கானிக். டப்பா வாய் வரைக்கும் ஆயில ஊத்தி, பல்லுக்கு சாதா கிரீஸப் பூசி, நட்ட மாத்தி முறுக்கி அனுப்பிட்டான். வேற வழியில்லாம திரும்ப நம்பிகிட்ட வந்தேன். அவன் வண்டிய வாங்கி நிறுத்திக்கிட்டான். அதுக்கப்பறம் பதினெட்டு வருசத்துல சந்தனத்தப் பத்தி வாயே தொறந்ததில்ல. ஒரு தடவை கண்டிச்சு வெச்சா அப்படித்தான். மில்லுல நான் ஆளுங்கள வெச்சிருந்த முறையும் அதுதான்.

இல்லீன்னு சொல்ல மாட்டேனுங்க, வேலை சுத்தமா இருக்கும். அவன் கையில இருந்து வந்தா வண்டி சத்தமில்லாம போகும். ஒரு வருசம் ஒரு சொட்டு ஆயில் வெளிய வந்ததில்ல. ஒரே ஒரு கொறை, சந்தனம் எடம் மாறியிருக்கும். நான் உச்சியில வெச்சு அனுப்புவேன், திரும்பி வர்றப்ப ஒரு விரக்கடை தள்ளிப் பக்கத்துல இருக்கும். சூட்டுல எளகி வழிஞ்சிருக்கும்னு விட்டுருவேன். எத்தனையோ சாயங்காலம் நானும் அவனும் அந்தக் கடை வாசல்ல உக்காந்து டீ குடிச்சிருக்கறோம். என்ர மகன் வெளிநாடு போனதுக்கு அப்பறம் எங்கிட்ட நாலு வார்த்தை பேசற ஆளு ஊருக்குள்ள அவன் ஒருத்தன்தான். சாமி இருக்குதுன்னு நான் சொல்ல, இல்லீன்னு அவன் சொல்ல, பொழுது போயிரும். அதெல்லாம் இப்ப எதுக்கு?

இந்த வருசத்துக்கு வர்றேன். ஆயுத பூஜை சமயத்துல அவன் ஊர்ல இல்ல. தர்மபுரியில மகளுக்குப் பிரசவம், பத்து நாள் வரமாட்டேன்னு ஃபோன் பண்ணினான். பண்ணினவன் சும்மா வெச்சிருக்கலாம். நான் வந்து பாக்கற வரைக்கும் வண்டியத் தூரமா எடுத்துட்டுப் போகாதீங்ணான்னு ஒரு உத்தரவு வேற. என்னமோ உலகத்துல இவன் ஒருத்தனுக்குத்தான் பின்சக்கரம் கழட்டத் தெரியும்கற மாதிரி. பதினெட்டு வருசம் பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான். அவன் எழுத்துக்கூட்டிப் படிச்சதெல்லாம் என்ர காதுலதானே விழுந்துச்சு. எனக்கு ரோசம் வந்துருச்சு.

நானே செஞ்சேன். இதோ இந்த மரத்தடியிலதான். சக்கரத்தக் கழட்டி, பல்லு பல்லாத் தொடச்சு, கறுப்பு கிரீஸ் பூசி, ஆயில மரை வரைக்கும் ஊத்தி, அச்சு நட்டு மொதல்ல, டப்பா நட்டு அப்பறம். ஒரு தப்புக் கெடையாது. வேணும்னா இப்பவே கழட்டிப் பாருங்க. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவன் ஒரு நாள் ஆக்கற வேலை. முடிச்சுட்டுப் புதுசா சந்தனம் கொழைச்சேன், பன்னீர் விட்டு. என் கையால செஞ்ச வேலைங்கறதால குமிழ் மூடற அளவுக்கு நல்லா கெட்டியா வெச்சேன். ரெண்டு நாள்ல காஞ்சு பலகை மாதிரி ஆயிருச்சு. வழியவே இல்ல. பாத்தியா, நான் செஞ்சா பொட்டு கூட எடம் மாறாதுன்னு துளசிகிட்ட சொன்னேன்.

அப்பறம் பழனிக்குக் கெளம்பினோம், ரெண்டு பேரும். அவளுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டுப் போறதுன்னா பிரியம். இந்த வயசுலயும் உடுமலை தாண்டினா காத்து நல்லா இருக்குதுன்னு சொல்லுவா. வெயிலு, நல்ல வேகம், நிறுத்தாம போறோம். மடத்துக்குளத்துக்குக் கிட்டத்துல ஒரு வளைவு, பெரிய வளைவு கூட இல்லீங்க. பின்சக்கரம் அப்படியே வழுக்கிட்டுப் போச்சு. எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவளுக்கு எடது மணிக்கட்டு முறிஞ்சுருச்சு. எந்திரிச்சுப் பாத்தா, டப்பாவுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் சீலப் பிதுக்கிக்கிட்டு ஆயிலு வெளிய வந்து, ரிம்மு, டயரு எல்லாம் நனைஞ்சு கெடக்குது. ரோட்டோரத்துல மண்ணுல உக்காந்துக்கிட்டு அவ கையப் புடிச்சுட்டு அழுதா பாருங்க. நாப்பது வருசத்துல அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல. இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது.

யாரு போட்ட சீலு அது? போன வருசம் நம்பி போட்டது. நான் செஞ்ச வேலையில தப்பில்லீங்கறப்ப வேற யாரு தப்பு? சொல்லுங்க.

ஊர்ல இருந்து வந்தவுடனே ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோட ஓடி வந்தான். துளசிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தான். அப்பறம் இங்க வந்து, வண்டிக்குப் பின்னால குத்துக்கால் போட்டு உக்காந்தான். உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. காலர்ல இருந்து ஊசிய எடுத்தான், மறுபடி வெச்சான். எம்மூஞ்சியப் பாத்தான். நான் சொன்னேன், என்னடா பாக்கற, உன்ற சீலு என்ர பொண்டாட்டி கைய முறிச்சுருச்சு, நல்லாப் பாருன்னு. அப்பக்கூட அவன் தப்ப ஒத்துக்கல. என்ன சொன்னான்கறீங்க?

"அண்ணா, அந்தச் சந்தனத்த வழிச்சு எடுத்துருங்க. எடுக்காம வண்டிய ஓட்டாதீங்க."

அந்த நேரத்துல. ஆஸ்பத்திரியில அவ கட்டுப் போட்டுக் கெடக்கறா, முருகனப் பாக்கப் போனவ. இவனுக்கு அப்பவும் சந்தனந்தான் உறுத்துது. பதினெட்டு வருசம் அடக்கி வெச்சிருந்தது, சமயம் பாத்து வெளிய வந்துருச்சு. ஏதோ காத்துப் போறதுக்குன்னு ஆரம்பிச்சான். காத்தும் வேண்டாம் கீத்தும் வேண்டாம், வாய மூடிட்டு வெளிய போன்னுட்டேன். போயிட்டான். கேட்டு வரைக்கும் போயித் திரும்பிப் பாத்தான், நான் உள்ள வந்துட்டேன்.

ஊருக்குள்ள சொன்னேனுங்க. ஏன் சொல்லக் கூடாது? டீக்கடையில சொன்னேன், பஜனை மடத்துல சொன்னேன். அவன் கடை இருக்கறது கோயில் கட்டடம். கோயில் கட்டடத்துல ஒக்காந்துக்கிட்டு, சாமி சந்தனத்த வழிச்செறின்னு ஒருத்தன் சொல்றான்னு கமிட்டியில எழுதிக் குடுத்தேன். தலைவரு தயங்கினாரு, நல்ல ஆளாச்சுங்களே, தேரு அச்சுக்கு வருசா வருசம் கிரீஸ் வைக்கறது அவந்தானுங்களேன்னாரு. நான் விடல. அவன் சொன்னானா இல்லையான்னு கூப்புட்டுக் கேளுங்கன்னேன். கூப்புட்டாங்க. சொன்னேனுங்கன்னு ஒத்துக்கிட்டான். எதுக்குச் சொன்னேன்னு தலைவரு கேட்டதுக்கு என்ர மூஞ்சியப் பாத்தான், தலையக் குனிஞ்சுக்கிட்டான். பதில் இருந்தாத்தானே சொல்றதுக்கு.

கார்த்திகை மாசம் நோட்டீச நானே கொண்டு போய்க் குடுத்தேன். வெரல் வெச்சுப் படிச்சான். கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான். போட்டுட்டு, அக்கா கைக்கட்டு எப்பங்ணா பிரிக்கறாங்கன்னு கேட்டான். எப்பேர்ப்பட்ட நடிப்பு பாத்தீங்களா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னதுல இருந்துதான் இவ பேசறதில்ல. கை முறிஞ்சதுக்கு எங்கூடக் கோவிச்சுக்கல, அவனுக்கு நோட்டீஸ் குடுத்ததுக்குக் கோவிச்சுக்கிட்டா. இந்தக் கூத்த எங்க போயிச் சொல்றது? வண்டிய வித்துத் தொலைச்சா எல்லாம் சரியாப் போகும்னுதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் தர்மபுரிக்கே போறானாம், மகளோட. நல்லதாப் போச்சு.

என்ன பாக்கறீங்க அங்க? ஈரமா? அது ஒண்ணுமில்லீங்க, தொடச்சாப் போயிரும். இல்ல இல்ல, சீலு புதுசு. பெங்களூர்ல இருந்து வரவழைச்சு டவுன்ல போட்டது, ஒரு மாசம் கூட ஆகல. நேத்து வரைக்கும் சொட்டு வரல. நேத்து வரைக்கும் ஓட்டவும் இல்ல, அது வேற விசயம். நீங்க கொஞ்சம் வேகமா ஓட்டிட்டீங்க போல.

அந்தக் குமிழா? அதாங்க சொன்னேனே, அழகுக்கு. பொட்டு போன வாரம் நான் வெச்சதுதான், கீழ விழுந்து எந்திரிச்ச வண்டி, கண்ணுப் பட்டிருக்கும்னு கூடக் கொஞ்சம் வெச்சேன். சுரண்டாதீங்க தம்பி. சாமி சந்தனம், நகத்தப் போட்டுச் சுரண்டாதீங்க. சொல்லிட்டே இருக்கறேன்...

அது என்னங்க சத்தம்?

நீங்க செஞ்சீங்களா, வண்டி செஞ்சுதா? உஸ்ஸுன்னு வந்துச்சே. இப்பவும் வருது.

என்ன சொல்றீங்க? மூச்சு விடற ஓட்டையா? அழகுக்கு இல்லீங்களா. சரி. ஆயில் சூடாகறப்ப உள்ள காத்து விரியும், அது போறதுக்கு இந்த மூடியில ஓட்டை வெச்சிருக்கறாங்க. சரி. அத அடைச்சா காத்து சீலத் தள்ளிக்கிட்டு... இருங்க. இருங்க தம்பி. வேகமாச் சொல்லாதீங்க. அப்ப மடத்துக்குளத்துல?

காப்பிய இங்க வை துளசி. என்ன? பேசிட்டியா? பேசு, அவர்கிட்டயே பேசு, நான் இங்க இல்லீன்னு நெனைச்சுக்க.

"கேளுங்க தம்பி. வருசா வருசம் பூசைக்கு மறுநாளு அந்த நம்பி பின்வாசல்ல வந்து நிப்பாரு. அக்கா, ஒரு பொட்டு வைக்கற அளவுக்குச் சந்தனம் குடுங்கம்பாரு. எலைத் துண்டுல வெச்சுக் குடுப்பேன். அண்ணன் வெச்ச எடத்துல இருந்தா வண்டிக்கு ஆகாதுங்க, நான் எடுத்துட்டுப் பக்கத்துல வெச்சர்றேன், இல்லீன்னா அண்ணன் மனசு சங்கடப்படும், சொல்லீராதீங்கம்பாரு. ஆஸ்பத்திரியிலயே இவர்கிட்ட இதச் சொல்ல வாயெடுத்தேன். வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்னு சொன்னாரு. அப்பறம் நோட்டீசும் குடுத்துட்டு வந்தாரு, அத்தோட நான் பேசறத நிறுத்திட்டேன்."

ஆமாங்க. சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

வழியலீங்களா அப்ப. நானும் ஒரு முட்டாள் பாருங்க, முப்பத்தோரு வருசம் ஃபோர்மேன். சந்தனம் வழிஞ்சா கோடு கோடாத்தானே வழியும்? வருசா வருசம் அது வட்டமாத்தான் இருந்துச்சு. நடுவுல குங்குமத்தோட. பதினெட்டு வருசமா வட்டத்தப் பாத்துட்டு வழிஞ்சதுன்னு நெனைச்சிருக்கறேன்.

சாமி இல்லீங்கறவன். கோயில் வாசல்ல எங்க செருப்புக்குக் காவலா வெளியவே நிக்கறவன். என்ர மனசு நோகக் கூடாதுன்னு, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, என்ர வண்டிக்குப் பொட்டு வெச்சிருக்கறான். கமிட்டியில எதுக்குச் சொன்னேன்னு கேட்டப்ப அவன் வாயத் தொறந்திருந்தா, அத்தனை பேருக்கு முன்னால, செயலாளர் அவரு கையால ஓட்டைய அடைச்சு, அவரு சம்சாரம் கைய அவரே முறிச்சுட்டாருன்னுதான் சொல்லியிருக்கணும். சொல்லல. கடைய விட்டுப் போறான், சொல்லல. மொதல்லயே நின்னு வெளக்கிச் சொல்றதுக்கு என்னடா உனக்கு? மடையன். வாயில்லாத மடையன்.

மொதல் வருசம் சொன்னான். சொன்னானுங்க.

டெம்போ எங்க? இங்கதானே நின்னுட்டு இருந்துச்சு? ஷட்டரு சாத்தியிருக்குது. நான் பேசிட்டே இருந்துட்டேன், நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? துளசி, எந்தப் பக்கம் போச்சு? நீலாம்பூர்ப் பக்கமா? பைபாஸ் ஏறிட்டான்னா அப்பறம் பிடிக்க முடியாது.

எந்திரிங்க தம்பி. காப்பி அப்பறம் குடிக்கலாம். வெலையெல்லாம் அப்பறம். அந்தத் துணிய எடுத்து ரிம்ம நல்லாத் தொடைங்க, டயர்ல படலீங்களே? படல. பொட்ட முழுசா எடுத்துட்டீங்களா? அவன் ஊசியால குத்தற ஓட்டை தெரியுதா? துளசி, அந்தச் சந்தனக் கிண்ணத்தக் குடு. சிரிக்காத, கை நல்லாயிருச்சுன்னா கேட்டத் தொற.

மன்னிப்பெல்லாம் கேக்கறதா இல்லீங்க, அத இப்பவே சொல்லிர்றேன். அவன் வயசுக்கும் என்ர வயசுக்கும் நான் போயிக் கேக்க முடியாது. இனிமே பொட்டு எந்த எடத்துல வைக்கறதுன்னு மட்டும் கேப்பேன். அவன் கையால வெச்சுக் காட்டினா டெம்போவத் திருப்பச் சொல்லுவேன். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.

பின்னால ஏறி உக்காருங்க தம்பி. கிண்ணத்தக் கெட்டியாப் புடிச்சுக்குங்க.